மாண்புமிகு தாடியார்

மழை தன் வழியை மறந்துபோன ஒரு மேட்டுநிலத்தில் கானல்நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு வழக்குக்குத் தீர்ப்புக் கிடைக்க ஒரு தலைமுறை ஆகும். வழக்குப் போட்டவன் செத்து, அவன் மகனும் செத்து, பேரன் வந்து தீர்ப்பைக் கேட்டுவிட்டு, "இது எந்த நிலத்தைப் பற்றியது?" என்று விசாரிப்பான். ஆனாலும் மக்கள் பெரிதாகக் குறை சொல்லவில்லை. நீதிமன்றத்துக்குள் நுழைந்தவன் என்றைக்காவது வெளியே வருவான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

அப்படியிருக்கையில் தூரதேசத்து வணிகர் ஒருவர் மன்னருக்கு ஒரு தாடி ஓணானைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். முழங்கை நீளம், மணல் நிறம், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. கொலுமண்டபத்தில் பட்டுமெத்தையில் அதைப் படுக்கவைத்திருந்தார்கள். கால்நடைத்துறை அமைச்சர் வேடிக்கை பார்க்கக் குனிந்து, தன் முகத்தை அதன் முகத்தருகே கொண்டுபோனார். ஓணான் வாயைப் பிளந்து தாடியை உப்பிக்கொண்டது. வெளிர்மஞ்சளாக இருந்த தாடி எல்லோர் கண்ணெதிரிலும் கரிக்கட்டையாகக் கறுத்தது.

அந்த வாரமே, அமைச்சர் ஏழைகளுக்குக் கொடுத்ததாகச் சொன்ன மாடுகள் இன்னும் பிறக்கவே இல்லை என்ற செய்தி வெளியே வந்தது. அது நாட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயந்தான். மன்னருக்கு மட்டும் புதிது.

"ஒரு தலைமுறை எடுக்கும் வேலையை ஓர் இமைப்பொழுதில் முடித்துவிட்டதே!" என்று மன்னர் வியந்தார்.

நீதிமன்றங்கள் மூடப்பட்டன. நீதிபதிகள் வரிசையை ஒழுங்குபடுத்தும் பணிக்கு மாற்றப்பட்டார்கள். ஓணானுக்கு 'மாண்புமிகு தாடியார்' என்று பட்டம் சூட்டினார்கள். சட்டம் ஒரே வரியில் முடிந்தது: யார் முன்னால் தாடி கறுக்கிறதோ அவர் துரோகி, வெளுத்தே இருந்தால் நல்லவர். துரோகிகள் கீழ்க்கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து யாரும் திரும்பியதில்லை. ஆகவே கீழ்க்கோட்டையைப் பற்றி அரசுக்கு ஒரு புகார்கூட வரவில்லை.

தாடியாரின் உணவு கரப்பான்பூச்சி. செம்மண்பட்டி என்ற ஊரில் வெள்ளத்தாய் என்பவளும் அவள் கணவன் மாசிலாமணியும் கோழிப்பண்ணைக்காரர்களுக்காகக் கரப்பான் வளர்த்து விற்றுவந்தார்கள். அடுப்படியில் ஓடுகிற கரப்பான் அல்ல அது. தடித்த, மந்தமான, வழவழப்பான சுவரில் ஏறத் தெரியாத சாதி. தொட்டிக்குள் முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, தவிடும் கேரட் துண்டும் போட்டு, இருட்டும் சூடும் கொடுத்துவிட்டால் போதும், குட்டி குட்டியாகப் பெருகிக்கொண்டே இருக்கும். இந்த விவரம் அரண்மனைக்கு எட்டியதும் வெள்ளத்தாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் 'நீதித் தீவன அலுவலர்' ஆக்கினார்கள்.

முதல் நாள் எட்ட நின்று, இடுக்கியால் ஒரு கரப்பானைப் பிடித்து நீட்டினாள். தாடியார் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தார். நாக்கு நீண்டது, கரப்பான் காணாமல் போனது. மொறுக்கென்ற சத்தம் மட்டும் மண்டபத்தில் கேட்டது. அதன்பிறகு அவள் பயம் கொஞ்சம் தெளிந்தது. அதுவும் வயிறும் குளிரும் உள்ள ஓர் உயிர்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்புத்தான் அவளுக்கு வினையாக வந்தது.

ஒருநாள் காலையில் தாடியாரின் சூட்டு விளக்கு பழுதாகிவிட்டது. மின்பணியாளர் வருவதற்குள் விசாரணை தொடங்கியது. ஒரு வண்டிக்காரன் வந்து நின்றான், தாடி கறுத்தது. ஒரு வாத்தியார் வந்தார், கறுத்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "நான் ஒண்ணுமே பண்ணலைங்க சாமி" என்று அவள் ஓணானைப் பார்த்துக் கும்பிட்டபோதும் கறுத்தது. குழந்தையை ஒரு முன்னாள் நீதிபதி வாங்கிக்கொண்டார். மதியம் விளக்கு எரிந்ததும் தாடி வெளுத்தது. அதற்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாக வீடு திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் வெள்ளத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அதுக்குக் குளிருதுங்க. அவ்வளவுதான்" என்றாள் கணவனிடம். "குளிருனாக் கறுக்குது, பசிச்சாக் கறுக்குது, கூட்டத்தப் பாத்து மிரண்டாக் கறுக்குது. எதிர்ல நிக்கிறது யாருன்னு அதுக்கு என்ன தெரியும்? அந்தப் பொம்பள இடுப்புல பால்குடிப் பிள்ளைங்க…"

மாசிலாமணி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இத எங்கிட்ட சொல்லிட்ட. சரி. இனிமே எங்கிட்டயும் சொல்லாத."

சில வாரங்களில் ஒலிபெருக்கி வண்டி ஊர் ஊராக வந்தது. "நல்லவர்கள் தாடியாருக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆகவே நல்லவர்கள் அனைவரும் நேரில் வந்து தங்கள் நல்ல தன்மையை மெய்ப்பித்துக்கொள்ளலாம். வராதவர்கள் நல்லவர்கள் அல்லர்" என்று அது அறிவித்தது. வரிசை அரண்மனை வாசலிலிருந்து வறண்ட ஏரிக்கரை வரை நீண்டது. இத்தனை முகங்களைக் கண்டு தாடியார் மிரண்டார். மிரளமிரளத் தாடி கறுத்தது. "என் நாட்டில் இத்தனை துரோகிகளா! நல்லவேளை, கேட்டுப் பார்த்தோம்" என்று மன்னர் மார்பில் கைவைத்துக்கொண்டார்.

நீதியை வலுப்படுத்தும் பொருட்டு, வீட்டுக்கு ஒரு தொட்டி கரப்பான் வளர்க்கவேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. கேரட்டும் பூசணியும் முதலில் தொட்டிக்கு, மிச்சம் இருந்தால் சட்டிக்கு. அடுப்படிக் கரப்பானை மிதித்தாலும் நீதிமன்ற அவமதிப்பு. சூட்டு விளக்குகள் தடையின்றி எரிவதற்காக ஊர்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. தாடியாருக்குப் போட்டியாக யாரும் தாடி வைக்கக்கூடாது என்று ஆண்கள் அனைவரும் மழிக்கப்பட்டார்கள். நாடு முழுவதும் வழவழப்பான முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே பயம்.

வெள்ளத்தாயின் பக்கத்து வீட்டுக்காரி பேச்சி. அவள் புருஷன் உப்பளத்தில் வேலை செய்தான். வெள்ளத்தாய் அரண்மனையில் இருக்கும் பகல்களில் அவளுடைய தொட்டிகளையும் பேச்சிதான் பார்த்துக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி வெள்ளத்தாயி, எம் பிள்ளைக ரெண்டும் தொட்டிய எட்டிப் பாத்துக்கிட்டே நிக்குதுக. கரப்பான் கேரட்டு திங்குறத வேடிக்க பாக்குதுக. நல்லா இருக்குல்ல நம்ம பொழப்பு?" என்பாள்.

"மெல்லப் பேசுடி" என்பாள் வெள்ளத்தாய்.

"கரப்பானுக்குக் காது கேக்காதுடி."

செம்மண்பட்டியின் முறை வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் வெள்ளத்தாய் நன்றாகக் கொழுத்த கரப்பான்களாகப் பொறுக்கி, தாடியார் வேண்டாமென்று முகத்தைத் திருப்பும்வரை ஊட்டினாள். விளக்கை ஒரு சாண் நெருக்கி வைத்தாள்.

மறுநாள் மாசிலாமணி வந்து நின்றான். தாடியார் அரைக்கண் மூடி, சாப்பாட்டு மயக்கத்தில் கிடந்தார். தாடி பூசணிப்பூப் போல வெளுத்திருந்தது. பேச்சிக்கும் வெளுத்தது. ஊரார் அனைவரும் அன்று நல்லவர்கள் ஆனார்கள். காவலர்கள் வந்து ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்பால் ஒரு பட்டை இழுத்துவிட்டுப் போனார்கள். மாசிலாமணி அந்த வெள்ளைப் பட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

மூன்றாம் நாள் நீதி அமைச்சர் அறவாணர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசவே மாட்டார்.

"அம்மா, செம்மண்பட்டி வந்த அன்று தாடியார் நன்றாக உண்டிருந்தாராமே?"

"ஆமாங்கய்யா."

"விளக்கும் சற்று அருகில் இருந்ததாம்."

வெள்ளத்தாய் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சவேண்டாம். நீ கண்டுபிடித்ததை நாங்கள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டோம். இன்னும் சொல்லப்போனால், அந்த வணிகர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் போனார். இந்த மாளிகையில் அது தெரியாதவர் மன்னர் ஒருவரே. அவருக்கும் தெரியும் என்பதுதான் என் எண்ணம்."

"அப்போ ஏங்கய்யா இதெல்லாம்…"

அறவாணர் ஜன்னலுக்கு வெளியே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளை உப்பளத் தொழிலாளர்கள் வருகிறார்கள். கூலியை உயர்த்தச் சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள். ஆகவே நாளைக்குத் தாடியாருக்கு விரதம். விளக்கும் வேண்டாம்."

அவள் 'முடியாது' என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தாள் என்றுகூடச் சொல்வதற்கில்லை. வெள்ளைப் பட்டை போட்ட தன் கதவுதான் அவள் கண்முன் வந்தது. மறுநாள் உப்பளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பேச்சியின் புருஷனும் அதில் இருந்தான். வெள்ளத்தாயைக் கண்டதும், தெரிந்த முகம் ஒன்று இருக்கிறதே என்று லேசாகச் சிரித்தான். தாடி கறுத்தது.

அன்று மாலை பேச்சி வழக்கம்போல் தொட்டிகளுக்குத் தவிடு போட்டிருந்தாள். பேசவில்லை, அவ்வளவுதான்.

அதன்பின் அமைச்சரின் அழைப்பு அடிக்கடி வந்தது. இன்று விருந்து, நாளை விரதம். வெள்ளத்தாய் தலையாட்டக் கற்றுக்கொண்டாள். தூக்கத்தில்கூடத் தலையாட்டுவதாக மாசிலாமணி சொன்னான்.

மன்னரின் முடிசூட்டு நாள் வந்தது. மன்னரும் ஒரு குடிமகனே என்பதை உலகுக்குக் காட்ட, அவரும் தாடியார் முன் நிற்பார் என்று முழங்கினார்கள். தாடியாருக்கு அன்று இரண்டு மடங்கு விருந்து. விளக்குகள் சுற்றிலும் எரிந்தன. மன்னர் புதிதாக மெருகேற்றிய வெள்ளிக் கவசம் அணிந்து வந்தார். முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. அவர் மெத்தைக்கு எதிரே நின்று நெஞ்சை நிமிர்த்தினார்.

கவசத்தின் பளபளப்புக்குள்ளிருந்து இன்னொரு தாடி ஓணான் எட்டிப் பார்த்தது.

தாடியார் எழுந்தார். தலையை வெடுக்கு வெடுக்கென்று ஆட்டினார். தாடி உப்பியது. ஒரு முள் விடாமல் கறுத்தது. அத்தனை கறுப்பை வெள்ளத்தாய் அதுவரை பார்த்ததில்லை.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பார்த்ததாகத் தெரிந்தால் தலை போகும். பார்க்காததாகத் தெரிந்தாலும் போகும். பிறகு அறவாணர் இரு கைகளையும் உயர்த்தினார்.

"மாமன்னரின் தூய்மையைக் கண்டு தாடியார் தம் உச்ச நிறத்தைக் காட்டியருளினார்! இத்தனை காலம் நாம்தான் நிறத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டோம். கறுப்பே தூய்மை. வெளுப்பே துரோகம்!"

முன்னாள் நீதிபதிகள் முதலில் கைதட்டினார்கள். பின்பு எல்லோரும் தட்டினார்கள். வெள்ளத்தாயும் தட்டினாள்.

கூட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும், "அப்படியானால் கீழ்க்கோட்டையில் இருப்பவர்கள் நல்லவர்கள்தானே?" என்று கேட்டுவிட்டார்.

"சந்தேகமென்ன? நல்லவர்கள் எங்கே இருந்தாலும் நல்லவர்களே" என்றார் அறவாணர். "அங்கேயே இருக்கட்டும்."

துரோகிகளைத் தேடி அலையவேண்டிய சிரமம் அரசுக்கு இருக்கவில்லை. கதவுகளில் காவலர்களே ஏற்கெனவே சுண்ணாம்புப் பட்டை இழுத்து வைத்திருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் செம்மண்பட்டி முழுக்கச் சுரண்டும் சத்தம். அரிவாளால், கரண்டியால், நகத்தால் சுரண்டினார்கள். காவலர்கள் முதலில் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தவர்களைப் பிடித்தார்கள்.

மாசிலாமணி சுரண்டவில்லை. "சொரண்டுனா அது வேற ஒரு குத்தமாயிரும்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்கு அட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அவனை அட்டையும் கையுமாக அழைத்துப்போனார்கள். கூடவே பேச்சியையும்.

வெள்ளத்தாய் அமைச்சரின் காலில் விழுந்தாள்.

"எழுந்திரு அம்மா. சட்டத்தில் கருணைக்கும் இடம் உண்டு. மறுவிசாரணை வைக்கலாம்" என்றார் அறவாணர். "இந்த முறை கறுக்கவேண்டும். அது உன் பொறுப்பு."

அவள் அன்றே ஊட்டுவதை நிறுத்தினாள். விளக்குகளை அணைத்தாள். தன் புருஷன் உயிர் பிழைக்க ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறோமே என்று வருந்த அவளுக்கு நேரமில்லை. ஆனால் அது பனிக்காலம். பசியும் குளிரும் சேர்ந்ததும் தாடியார் கறுக்கவில்லை, சுருண்டு படுத்துக்கொண்டார். கண்கள் குழிவிழுந்தன. தாடி சாம்பலாக வெளுத்துத் தொங்கியது. ஓடிப்போய் விளக்கைப் போட்டாள், கரப்பானை மூக்கருகே நீட்டினாள். தாடியார் கண்ணைத் திறக்கவில்லை. கரப்பான் அவர் முதுகின்மேல் ஏறி, மெத்தையில் இறங்கி ஓடியது.

மறுவிசாரணை நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. மாசிலாமணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இளைத்திருந்தான். தாடியார் வெளுத்துக் கிடந்தார். வரிசையை ஒழுங்குபடுத்திய முன்னாள் நீதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார்.

வெள்ளத்தாய் யோசிக்கவில்லை. கோழிக்குஞ்சின்மேல் பருந்து இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். கை தானாக உயர்ந்தது. விரல்களை நகம்போல் வளைத்து, தாடியாரின் தலைக்கு நேர்மேலே விருட்டென்று இறக்கினாள். நிழல் விழுந்ததும் தாடியார் துடித்து விழித்தார். வாய் பிளந்தது. தாடி கறுத்தது.

பட்டப்பகலில், மண்டபம் நிறைய ஜனங்கள் பார்த்திருக்க அது நடந்தது. ஒருவர் விடாமல் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று வெள்ளத்தாய் கையை இறக்காமல் காத்திருந்தாள்.

"கறுத்தது. விடுதலை" என்றார் முன்னாள் நீதிபதி. அவ்வளவுதான்.

மாசிலாமணி அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான். அடுத்து பேச்சி வந்து நின்றாள். அவள் தாடியாரைப் பார்க்கவே இல்லை. வெள்ளத்தாயின் கையைப் பார்த்தாள்.

அறவாணர் நாற்காலியிலிருந்து வெள்ளத்தாய் பக்கம் லேசாகச் சாய்ந்தார். "இவள் வேண்டாம். ஊரில் கேரட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிகிறாளாம்" என்று கிசுகிசுத்தார். "உன் கணவருக்கு இனி மாதந்தோறும் மறுவிசாரணை உண்டு, தெரியுமல்லவா?"

வெள்ளத்தாய் கையை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள். தாடி மெல்ல வெளுத்தது.

பேச்சியைக் காவலர்கள் தோளைப் பிடித்துத் திருப்பியபோது, "ஏட்டி வெள்ளத்தாயி, எங்க வீட்டுத் தொட்டிக்கு நாலு நாளாத் தவிடு போடல. கரப்பான் செத்துச்சுன்னா பிள்ளைகளப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க. போட்டுருடி" என்றாள்.

வெள்ளத்தாய் நேராகப் பேச்சியின் வீட்டுக்குப் போய்த் தவிடு போட்டாள். பிள்ளைகள் இரண்டையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நான்கு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் கை கழுவப் போனதும் மாசிலாமணி வாயைத் திறந்தான்.

"என்னைய எதுக்குக் காப்பாத்துன?"

வெள்ளத்தாய் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தை பிறப்பதற்குள் தாடியார் இறந்துபோனார். காலையில் போய்த் தொட்டபோது கல்லாகக் குளிர்ந்திருந்தார். வெள்ளத்தாய்க்கு முதலில் தூக்குக்கயிறு நினைவுக்கு வந்தது. பிறகு, தானே நம்பாத ஓர் எண்ணம் வந்தது: எல்லாம் முடிந்தது! இனி விசாரணை இல்லை, விரதம் இல்லை, தொட்டி இல்லை. உடலை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அறவாணர் துணியை விலக்கிப் பார்த்தார். திரும்ப மூடினார்.

"தோட்டத்தில் புதைத்துவிடு."

"அப்போ… நாளைக்கு விசாரணைங்கய்யா?"

"அதற்கென்ன? உன் கை நலமாகத்தானே இருக்கிறது?"

மறுநாள் ஒலிபெருக்கி வண்டி புறப்பட்டது. தாடியார் பூரண நலத்தோடு இருப்பதாகவும், பசி கூடியிருப்பதால் இனி வீட்டுக்கு இரண்டு தொட்டி என்றும் அறிவித்தது. மண்டபத்தில் காலி மெத்தையைச் சுற்றி விளக்குகள் எரிந்தன. வெள்ளத்தாய் அதன் பின்னால் நின்றாள். வரிசையின் முதல் ஆள் வந்து, மெத்தைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கண்ணை உயர்த்தி அவள் கையைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

அமைச்சர் அறவாணர் வழக்கமாக மெத்தைக்கு முன்னால் நடந்துதான் தம் இருக்கைக்குப் போவார். அன்று தூண்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

வெள்ளத்தாய் அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததை அவரும் கவனித்தார்.